நகராத முள், சேராத உணவு

அத்தியாயம் 7

குறைந்த மாவுச்சத்து உணவில் மூன்றாவது, நான்காவது மாதம் பலருக்கும் அப்படியொரு காலை வரும். எடை மெஷினில் ஏறினால் போன வாரம் பார்த்த அதே எண். மெஷினை வேறு டைல்ஸ் மேல் நகர்த்தி வைத்து மறுபடி ஏறினாலும் அதே எண். தெரிந்தவர்களிடம் கேட்டால் ஒருவர் பாலை நிறுத்தச் சொல்வார், இன்னொருவர் முட்டையை, மூன்றாமவர் பாதாமை. பயத்தில் மூன்றையும் ஒரே நாளில் நிறுத்துவோம். பத்து நாளில் ஒரு கிலோ இறங்கும். எதனால் இறங்கியது? தெரியாது. அதனால் மூன்றையும் ஆயுளுக்கும் தள்ளிவைப்போம். இல்லையென்றால் சலித்துப்போய் மூன்றையும் இட்லியோடு சேர்த்துத் திரும்ப அழைத்துக்கொள்வோம்.

இந்தக் குழப்பம் இல்லாமல், எந்த உணவு உங்களுக்குச் சேரவில்லை என்று வீட்டிலேயே கண்டுபிடிக்கும் முறைதான் இந்த அத்தியாயம். ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு இஞ்ச் டேப், கிராம் காட்டும் சமையலறைத் தராசு, நான்கு வாரப் பொறுமை. இவை போதும்.

தொடங்கும் முன்: யார் தனியாகச் செய்யக்கூடாது

இதைத் தாண்டிக் குதித்துப் படிக்க வேண்டாம்.

1. ஏதாவது ஒரு உணவைச் சாப்பிட்டதும் உதடு, நாக்கு, முகம் வீங்கியிருந்தாலோ, உடம்பெல்லாம் தடிப்பு வந்திருந்தாலோ, மூச்சுத் திணறியிருந்தாலோ அது அலர்ஜி. அந்த உணவை வீட்டில் சோதித்துப் பார்க்கவே கூடாது. அலர்ஜி மருத்துவரிடம்தான் போக வேண்டும். அப்படி இப்போது நடந்தால் 108.
2. இன்சுலின், கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மருந்துகள் எடுப்பவர்கள் மாவுச்சத்தை மேலும் குறைத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழலாம். டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் எடுப்பவர்களுக்கு வேறு ஆபத்து: ரத்தச் சர்க்கரை பெரிதாக ஏறாமலேயே ரத்தத்தில் அமிலம் ஏறலாம். வாந்தி, வயிற்று வலி, மேல்மூச்சு, அசாதாரண அசதி வந்தால் உடனே மருத்துவமனை. மருந்து அளவை மாற்றுவது மருத்துவர் வேலை.
3. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், 18 வயதுக்குக் குறைந்தவர்கள், சிறுநீரக நோய் உள்ளவர்கள், முதல் வகை நீரிழிவு உள்ளவர்கள், சாப்பாட்டைக் கண்டு பயப்படும் பழக்கம் எப்போதாவது இருந்தவர்கள் மருத்துவரோ உணவியல் நிபுணரோ இல்லாமல் உணவை விலக்கிப் பார்க்கக்கூடாது.
4. மலத்தில் ரத்தம், கறுப்பு மலம், தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, விழுங்குவதில் சிரமம், விடாத காய்ச்சல் இவற்றில் ஒன்று இருந்தாலும் நோட்டுப் புத்தகத்தை மூடிவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

நிஜமாகவே நின்றதா?

பலருக்கு இந்தக் கேள்வியிலேயே விடை கிடைத்துவிடும்.

1. தினமும் காலை, சிறுநீர் கழித்த பிறகு, எதுவும் குடிக்கும் முன், ஒரே மாதிரி உடையில் எடை பாருங்கள். ஏழு நாள் எடையைக் கூட்டி ஏழால் வகுங்கள். அந்தச் சராசரியைத்தான் போன வாரச் சராசரியோடு ஒப்பிட வேண்டும்.
2. வாரம் ஒருமுறை, தொப்புள் மட்டத்தில், மூச்சை விட்ட நிலையில் இடுப்பை அளந்து எழுதுங்கள்.
3. சராசரி எடையும் இடுப்பளவும் தொடர்ந்து நான்கு வாரம் அசையாமல் இருந்தால்தான் 'நின்றது' என்று பெயர். எடை நின்று இடுப்பு மட்டும் குறைந்தால் கொழுப்பு கரைந்துகொண்டுதான் இருக்கிறது. ஒன்றும் செய்ய வேண்டாம்.

முதல் இரண்டு வாரத்தில் மூன்று கிலோ இறங்கிய நினைவோடு நான்காவது மாதத்தை ஒப்பிடாதீர்கள். உடல் சேமித்து வைக்கும் சர்க்கரையான கிளைகோஜன் ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். மாவுச்சத்தை நிறுத்தியதும் முதலில் கரைவது அந்தக் கிளைகோஜனும் அதன் தண்ணீரும்தான். அந்த வேகம் திரும்பி வராது. அதுபோல மாதவிலக்குக்கு முந்தைய வாரம் ஒன்றிரண்டு கிலோ நீர் கூடலாம். கல்யாண வீட்டு ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் மறுநாள் மெஷினில் தெரியும். மூன்று நாள் மலச்சிக்கலும் தெரியும்.

*குறிப்பு:* நான்கு வாரம் நின்றது உறுதியானால், உணவைச் சந்தேகிக்கும் முன் தைராய்டுக்கான டி.எஸ்.எச். பரிசோதனை ஒன்று செய்துகொள்ளுங்கள். ஸ்டீராய்டு, இன்சுலின், சில மனநல மருந்துகள் எடையைப் பிடித்து வைக்கும். அப்படி மருந்து எடுத்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

சேராத உணவு என்ன செய்யும், என்ன செய்யாது

அலர்ஜியில் நோய் எதிர்ப்பு மண்டலம் கொதித்தெழும். துளி பட்டாலும் ஆபத்து. நாம் 'எனக்குப் பால் சேராது' என்று சொல்வது பெரும்பாலும் வேறு. செரிக்கும் நொதி குறைவு அல்லது குடலில் புளித்து வாயுவாவது. இது அளவைப் பொறுத்தது. அரை டம்ளர் சேரும், இரண்டு டம்ளர் சேராது.

சேராத உணவு தானாகக் கொழுப்பை உண்டாக்காது. உப்புசம், மலச்சிக்கல் வழியாக எடையிலும் இடுப்பிலும் ஒரு பொய் எண்ணைக் காட்டும். வயிறு சரியில்லாதபோது தூக்கம் கெடும். தூக்கம் கெட்டால் மறுநாள் கை தானாக டப்பாவுக்குப் போகும். இன்னொன்றும் உண்டு. குறைந்த மாவுச்சத்து உணவில் அதிகம் சேராமல் போகும் பொருட்களும் அளவு மீறிப் போகும் பொருட்களும் பல நேரம் ஒன்றே: பாதாம், பனீர், தேங்காய், வெண்ணெய். எனவே நாம் இரண்டு கேள்விகளைப் பிரித்துக் கேட்கப்போகிறோம். 'சேரவில்லையா?' 'அதிகமாகிவிட்டதா?'

சந்தேகப் பட்டியல்

*பாலும் பனீரும்.* பாலில் நூறு மில்லிக்கு ஏறக்குறைய 5 கிராம் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை. தயிரில் குறைவு; புளித்த தயிரில் இன்னும் குறைவு. பனீர் வடிக்கும்போது பெரும்பகுதி தண்ணீரோடு போய்விடும். நெய்யில் ஏறக்குறைய இல்லை. குடித்து அரை மணியிலிருந்து இரண்டு மணிக்குள் வயிறு இரைந்தால் லாக்டோஸைச் சந்தேகியுங்கள்.

*பாதாமும் மற்ற கொட்டைகளும்.* தமிழ்நாட்டுப் பேலியோ வட்டாரத்தில் 'காலைக்கு 100 பாதாம்' என்பது வாய்ப்பாடு மாதிரி. நூறு பாதாம் சுமார் 120 கிராம்; ஏறக்குறைய 700 கலோரி. ஆரம்பத்தில் பசியை அடக்கிய அதே நூறு, பத்து கிலோ குறைந்த உடம்புக்கு அதிகம். முந்திரியில் நூறு கிராமுக்கு 30 கிராம் மாவுச்சத்து இருக்கிறது என்பதும் நினைவிருக்கட்டும்.

*காலிஃபிளவர், காளான், வெங்காயம், பூண்டு.* சாதத்துக்குப் பதில் காலிஃபிளவர் துருவல், இரவுக்குக் காளான் வறுவல், எல்லாவற்றிலும் வெங்காயம் பூண்டு. குடலில் புளித்து வாயு உண்டாக்கும் சர்க்கரைகள் இவற்றில் உண்டு. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் இத்தகைய உணவுகளைத்தான் அளந்து பட்டியலிட்டு வைத்திருக்கிறது.

*முட்டை.* தினம் ஐந்து, ஆறு என்று போகும்போது சிலருக்கு நெஞ்சில் நிற்கும். தடிப்போ அரிப்போ வந்தால் அலர்ஜி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

*இனிப்பூட்டிகள்.* 'சுகர் ஃப்ரீ' சாக்லேட், பிஸ்கட் உறையைத் திருப்பிப் பாருங்கள். மால்டிடால், சார்பிட்டால் என்று இருந்தால் அவை வயிற்றைக் கலக்கும். மால்டிடால் சர்க்கரையையும் ஓரளவு ஏற்றும்.

*மீன்.* பிடித்த பின் ஐஸ் இல்லாமல் கிடந்த சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்ற மீன்களில் ஹிஸ்டமின் சேரும். கொதிக்க வைத்தாலும் போகாது. முகம் சிவந்து, தலை வலித்து, அரித்தால் அலர்ஜி போலவே தோன்றும். இரண்டையும் பிரித்துச் சொல்ல மருத்துவரால்தான் முடியும். நீங்கள் சோதிக்க வேண்டாம்.

*ஒளிந்திருக்கும் மாவு.* சமையலறையில் இருக்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவோ அரிசி மாவோ கலந்திருக்கும். சிக்கன் 65 மசாலாவில் சோள மாவு, சாசேஜில் ஸ்டார்ச். கடையில் உதிரியாக வாங்கும் பனீரிலும் மாவு கலப்பு உண்டு. சின்னத் துண்டைத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, நன்றாக ஆறிய பிறகு மருந்துக்கடை டிங்க்சர் அயோடின் இரண்டு சொட்டு விடுங்கள். நீலமாக மாறினால் மாவு இருக்கிறது. சோதித்த துண்டைக் குப்பையில் போடுங்கள்.

வேலைமுறை: ஒரு உணவு, நான்கு வாரம்

*படி 1: முதல் வாரம், எழுதுவது மட்டும்.* எதையும் மாற்றாதீர்கள். சாப்பிட்ட நேரம், பொருள், அளவு, வயிறு என்ன சொன்னது, எத்தனை மணிக்குச் சொன்னது என்று எழுதுங்கள். தாளிக்கும் எண்ணெய், டீயில் விழும் பால், பிள்ளை தட்டில் மிச்சம் வைத்த இரண்டு வாய் எல்லாம் கணக்கு. ஒரு நாள் பக்கம் இப்படி இருக்கலாம்:

செவ்வாய். எடை 81.4.
காலை 8.00: முட்டை 3, நெய் 2 டீஸ்பூன்.
பகல் 1.15: காலிஃபிளவர் சாதம் ஒரு கிண்ணம், கோழிக் குழம்பு, தயிர் அரை கப்.
பகல் 2.40: வயிறு கல் மாதிரி. பெல்ட்டைத் தளர்த்தினேன்.
மாலை 5.00: பாதாம் 40 (தராசில் 49 கிராம்).
இரவு 8.00: பனீர் 100 கிராம், கீரைப் பொரியல்.
இரவு 10.30: ஒன்றுமில்லை.

இந்த ஒரு பக்கத்தை வைத்தே பனீரை ஓரளவு விடுவிக்கலாம். மதியத் தட்டில் மூன்று பேர் நிற்கிறார்கள்: காலிஃபிளவர், குழம்பு வெங்காயம், தயிர். ஏழு பக்கங்களையும் சேர்த்துப் பார்த்து, தொல்லை வந்த நாட்களில் எல்லாம் தட்டில் இருந்தது எது என்று பாருங்கள். அதுதான் முதல் சந்தேக நபர்.

*படி 2: இரண்டாம், மூன்றாம் வாரம், ஒன்றை மட்டும் விலக்குவது.* தேர்ந்தெடுத்த ஒன்றை முழுக்க நிறுத்துங்கள். 'கொஞ்சம்தானே' கிடையாது. மற்ற எதையும் மாற்றாதீர்கள். புதிதாக ஜிம்மில் சேர இது நேரமில்லை.

*படி 3: விலக்கிய இடத்தை நிரப்புவது.* பலர் தவறவிடும் படி இது. 60 கிராம் பாதாமை நிறுத்திவிட்டு அந்த இடத்தைக் காலியாக விட்டால் தினம் 350 கலோரி குறையும். எடை இறங்கத்தான் செய்யும். அதை வைத்து 'பாதாம் எனக்குச் சேராது' என்று முடிவு கட்ட முடியாது. ஏற்கெனவே தொல்லையில்லாமல் சாப்பிட்டுவரும் வேறொன்றால் நிரப்புங்கள். 60 கிராம் பாதாமுக்கு 4 முட்டையும் ஒன்றரை டீஸ்பூன் நெய்யும் ஏறக்குறைய ஈடு. பால் பொருளை நிறுத்தினால் கால்சியத்துக்கு முள்ளோடு சாப்பிடும் நெத்திலி, முருங்கைக்கீரை, எள்.

*படி 4: நான்காம் வாரம், திரும்பச் சேர்ப்பது.* இதுதான் நிஜமான சோதனை. முதல் நாள் வழக்கமான அளவில் கால் பங்கு, இரண்டாம் நாள் பாதி, மூன்றாம் நாள் முழு அளவு. தொல்லை வந்த உடனே நிறுத்துங்கள். பிறகு மூன்று நாள் அந்த உணவு இல்லாமல் வயிற்றைக் கவனியுங்கள். சோதிக்கும் உணவை வேறு கூட்டுச் சேர்க்காமல் தனியாகச் சாப்பிடுங்கள். பால் பொருள் என்றால் வரிசை: முதலில் நெய், பிறகு புளித்த தயிர், பிறகு பனீர், கடைசியில் பால். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக மூன்று நாள் கொடுங்கள். வாரம் ஒன்றிரண்டு கூடினாலும் பரவாயில்லை. எந்தப் படியில் தொல்லை தொடங்குகிறதோ அதற்கு முந்தைய படி வரை உங்களுக்குச் சேரும்.

*படி 5: தீர்ப்பு எழுதுவது.* ஒரே வரியில் தேதியோடு எழுதுங்கள். 'தயிர் ஒரு கப் சேரும். பால் அரை டம்ளருக்கு மேல் சேராது.' அடுத்த சந்தேக நபருக்கு ஒரு வாரம் இடைவெளி விட்டுப் போங்கள்.

தனியாகச் சாப்பிடச் சொல்வது ஏன்

என் கதை இது. பனீரை ஆறு மாதம் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி வைத்திருந்தேன். பனீர் பட்டர் மசாலா சாப்பிட்ட ஒவ்வோர் இரவும் வயிறு பொருமும். அதனால் பனீர்தான் என்று நம்பினேன். முறையாகத் திரும்பச் சேர்த்தபோது வெறும் பனீரை மிளகு தூவி நெய்யில் வாட்டிச் சாப்பிட்டேன். முதல் நாள் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் 150 கிராம் சாப்பிட்டும் ஒன்றுமில்லை. அடுத்த வாரம் பனீர் இல்லாமல் அந்த மசாலாவை மட்டும் செய்து சாப்பிட்டேன். இரண்டு மணி நேரத்தில் பழைய பொருமல். நாலு பெரிய வெங்காயமும் ஒரு கைப்பிடி முந்திரியும் அரைத்துவிட்ட கிரேவிதான் காரணம். ஆறு மாதமாக அதே வெங்காயத்தைக் கோழிக் குழம்பிலும் தின்றுகொண்டுதான் இருந்திருக்கிறேன்.

முடிவைப் படிப்பது எப்படி

1. *விலக்கியதும் தொல்லை போனது, சேர்த்ததும் வந்தது:* அந்த உணவு அந்த அளவில் உங்களுக்குச் சேரவில்லை. அளவைக் குறைத்துப் பாருங்கள். முழுக்க விலக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது.
2. *தொல்லை போனது, சேர்த்தும் வரவில்லை:* அது காரணமில்லை. தட்டுக்குத் திரும்பட்டும்.
3. *வயிற்றில் மாற்றமே இல்லை, எடை மட்டும் இறங்கியது:* நிரப்பிய அளவைத் திரும்பத் தராசில் வைத்துப் பாருங்கள். சாப்பாடு குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்படியானால் உங்கள் கேள்வி அளவு பற்றியது.
4. *எதுவுமே மாறவில்லை:* சந்தேகப்பட்டது தவறு. இதுவும் ஒரு பயனுள்ள விடை.

மூன்றாவது விடை வந்தவர்கள் ஒரு வாரம் எல்லாவற்றையும் தராசில் வையுங்கள். பாதாமை ஊறவைக்கும் முன் நிறுக்க வேண்டும். ஊறினால் எடை கூடும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் சுமார் 120 கலோரி; வாணலியில் கண்ணளவாக ஊற்றினால் அது மூன்று கரண்டியாவது யாருக்கும் தெரியாது. நூறு கிராம் தேங்காயில் 350 கலோரி. 95 கிலோவில் உங்களை இளைக்க வைத்த தட்டு, 80 கிலோவில் உங்களை அங்கேயே நிறுத்தி வைக்கும் தட்டாகிவிடும். இளைத்த உடம்புக்குத் தேவையும் இளைத்துவிட்டது.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

- *ஒரே நேரத்தில் நாலு பொருளை நிறுத்துவது.* விடை கிடைக்காது. தட்டு மட்டும் காலியாகும்.
- *திரும்பச் சேர்க்காமலே விட்டுவிடுவது.* விலக்குவது பாதி வேலை. மீதியைச் செய்யாதவர்கள் வருடக்கணக்கில் காரணமில்லாமல் தயிர் இல்லாமல் இருக்கிறார்கள்.
- *திருவிழா வாரத்தில் தொடங்குவது.* பொங்கல், தீபாவளி, வீட்டுக் கல்யாணம் முடிந்து பத்து நாள் போகட்டும்.
- *ஐ.ஜி.ஜி. பரிசோதனைக்குப் பணம் கட்டுவது.* நூறு, இருநூறு உணவுகளைப் பட்டியலிட்டுச் சிவப்பு, மஞ்சள், பச்சை காட்டும் ரத்தப் பரிசோதனை அது. ரத்தத்தில் ஐ.ஜி.ஜி. எதிர்ப்பொருள் இருப்பது அந்த உணவை நீங்கள் சாப்பிட்டுவருகிறீர்கள் என்பதைத்தான் பெரும்பாலும் காட்டும். அமெரிக்க, ஐரோப்பிய, கனடிய அலர்ஜி மருத்துவச் சங்கங்கள் இதைப் பரிந்துரைப்பதில்லை. லாக்டோஸுக்கு மூச்சில் ஹைட்ரஜன் அளக்கும் பரிசோதனை உண்டு; தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.
- *கோதுமையை விட்ட பிறகு சீலியாக் (கோதுமையால் குடல் பாதிக்கப்படும் நோய்) பரிசோதனைக்குப் போவது.* கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எடுத்தால்தான் அந்த ரத்தப் பரிசோதனை சரியாகச் சொல்லும். மாதக்கணக்கில் சப்பாத்தி தொடாதவர் என்றால் மருத்துவரிடம் அதை முதலில் சொல்லுங்கள்.
- *எடை நின்ற கோபத்தில் பட்டினி.* மயக்கம், தலைச்சுற்றல் வந்தால் நிறுத்திவிட்டுச் சாப்பிடுங்கள். ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்கு எடை குறையும்போது அளவைக் குறைக்க வேண்டி வரலாம். அழுத்தத்தை அளந்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

கடைசியாக ஒன்று

இரண்டு சந்தேக நபர்களை முறையாகச் சோதித்தும் எதுவும் அகப்படவில்லை, தராசிலும் எல்லாம் சரி, தைராய்டும் சரி என்றால், நின்ற எடையை ஒரு முறை நிதானமாகப் பாருங்கள். ஆசிய உடல்வாகுக்கு இடுப்பளவு எல்லை ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. அதற்குள் வந்துவிட்டீர்கள், சர்க்கரையும் அழுத்தமும் கட்டுக்குள் இருக்கின்றன என்றால், இன்னும் மூன்று கிலோவுக்காகத் தட்டிலிருந்து இன்னொரு உணவை எடுக்க வேண்டியதில்லை. அந்த எல்லைக்கு இன்னும் தூரம் இருந்தால் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். 'எதுவுமே சேர மாட்டேங்குது டாக்டர்' என்று சொல்வதைவிட, தேதியும் கிராமும் மணியும் எழுதிய நாலு வாரப் பக்கங்களைக் காட்டினால் அவருக்கு வேலை எளிது, உங்களுக்குச் செலவு குறைவு.